எங்க தெரு குழு: கொதிச்ச கீசரும் ஒட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டும்

காட்பாடி, காந்தி நகர். மார்கழி, ஞாயித்துக்கிழமை.

மாடிவீட்டு அக்கா, 6:41
நேத்து ராத்திரி கீசர் பைப்ப தொறந்தா ஆவியும் தண்ணியுமா சீறிக்கிட்டு வந்துச்சு. இன்னைக்கு காலைல பச்சத்தண்ணி. சிவப்பு லைட் எரியுது, சூடாகும்போது எரியற மஞ்ச லைட் எரியல. 15 லிட்டர், 2000 வாட், போர் தண்ணி, 6 வருஷம் ஆச்சு. என்னவா இருக்கும்?

9ஆம் நம்பர் சார், 6:44
தண்ணி அளவுக்கு மீறி சூடானா கரண்ட்ட வெட்டுற கட்-அவுட் விழுந்திருக்கும்மா. அடி மூடிய கழட்டினா சின்னதா ஒரு பட்டன் இருக்கும். அமுக்கிவிட்டா ஓடும்.

சர்வீஸ் தம்பி, 6:46
சார், இப்ப அமுக்க வேணாம். அக்கா, மொதல்ல போர்டுல கீசர் லைனோட எம்சிபி சுவிட்ச எறக்கிடுங்க.
நேத்து கொதிச்சதும் இன்னிக்கி ஆறிப்போனதும் ஒரே கோளாறு தான். தெர்மோஸ்டாட் உள்ள கரண்ட்ட சேக்குற, பிரிக்கிற முனை (காண்டாக்ட்) ஒட்டிக்கிச்சி. 60 டிகிரில கரண்ட்ட வெட்டணும், வெட்டல. தண்ணி 90 பக்கம் போனதும் கட்-அவுட் தன் வேலைய செஞ்சிருக்கு. பட்டன அமுக்கினா மறுபடி அதே மாதிரி கொதிக்கும்.

பின்வீட்டு அண்ணா, 6:50
எங்க வீட்லயும் போன வருஷம் இதே தான். வந்தவரு ரெண்டு வயர சேத்து கட்-அவுட்ட டைரக்ட் பண்ணிட்டு போனாரு. இதுவரைக்கும் ஓடுதே.

சர்வீஸ் தம்பி, 6:51
அண்ணா, அந்த கீசர இன்னிக்கே ஆஃப் பண்ணுங்க. சரி பண்றவரைக்கும் போடாதீங்க.

ஈபி மாமா, 6:55
தம்பி சொல்றது சரி. பின்வீட்டுக்காரர் கவனமா படிக்கணும்.
கீசர்ல காவல் மூணு. தெர்மோஸ்டாட் ஒண்ணு, கட்-அவுட் ரெண்டு, தண்ணி வர்ற பக்கம் மாட்டியிருக்கிற சேஃப்டி வால்வு மூணு. நம்ம ஊர் போர் தண்ணில அந்த வால்வு உப்பு புடிச்சு இறுகிப்போறது சகஜம். கட்-அவுட்டையும் டைரக்ட் பண்ணிட்டா மிச்சம் இருக்கிறது தெர்மோஸ்டாட் மட்டும் தான். அதுவும் ஒட்டிக்கிட்டா தண்ணி 100 டிகிரிய தாண்டியும் அழுத்தத்துல அப்படியே நிக்கும். டேங்க் எங்கயாவது விட்டுச்சுன்னா அந்த தண்ணில ஒரு பகுதி ஒரே நொடில ஆவியாகி வெடிக்கும். குளிக்கிற அறையில, தலைக்கு மேல தொங்குது அந்த டேங்க்.

பின்வீட்டு அண்ணா, 6:57
ஆஃப் பண்ணிட்டேன் மாமா. ப்ளக்கையும் உருவிட்டேன்.

மாடிவீட்டு அக்கா, 7:10
எம்சிபி எறக்கியாச்சு. கைல மல்டிமீட்டர் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும் தம்பி?

சர்வீஸ் தம்பி, 7:14
அடி மூடி ஸ்க்ரூவ கழட்டுங்க. எதையும் தொடறதுக்கு முன்னாடி மீட்டர ஏசி வோல்ட்ல வச்சி பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூணையும் பாருங்க. மூணுமே சைபர் காட்டணும். சுவிட்ச நியூட்ரல்ல போட்டிருக்கிற வீடுங்க நெறைய இருக்கு, அதனால சுவிட்ச நம்பாதீங்க.
அப்பால வயரிங்க ரெண்டு பக்கத்துலேர்ந்தும் போட்டோ எடுத்துக்கோங்க. திருப்பி மாட்டும்போது அது தான் வழிகாட்டி.

மாடிவீட்டு அக்கா, 7:31
மூணும் சைபர். [போட்டோ] நடுவுல தண்டு மாதிரி ஒண்ணு உள்ள போகுது, அது தலைல ஸ்க்ரூ இருக்கு, சுத்தி 30லேர்ந்து 70 வரைக்கும் எண்ணு.

சர்வீஸ் தம்பி, 7:33
அது தண்டு தெர்மோஸ்டாட். நல்லது, தண்ணிய எறக்காமலே மாத்தலாம். தண்டு ஒக்கார்ற குழாய் உள்பக்கம் மூடினது, தண்ணி படாது.
வயரு ரெண்டையும் கழட்டிட்டு தண்ட நேரா கீழ இழுங்க. வெளிய வந்ததும் விரலால தடவி பாருங்க. ஈரமா, பச்சை பூத்த மாதிரி இருந்தா குழாய் ஓட்டை விழுந்திருக்கு. அப்ப தெர்மோஸ்டாட் மாத்தி பிரயோஜனம் இல்ல, தண்ணிய சூடாக்குற எலிமெண்ட்ட பிளேட்டோட மாத்தணும்.

மாடிவீட்டு அக்கா, 7:40
காஞ்சு தான் இருக்கு. ஒரு டெர்மினல் பக்கத்துல பிளாஸ்டிக் பழுப்பேறி லேசா உருகியிருக்கு. அந்த ஸ்க்ரூ கையாலயே சுத்துச்சு.

ஈபி மாமா, 7:43
காரணம் அங்கயே இருக்கு. 2000 வாட்டுக்கு 230 வோல்ட்ல 8.7 ஆம்பியர். டெர்மினல் தளர்ந்தா அந்த இடத்துல சூடு. அந்த சூடு உள்ள இருக்கிற காண்டாக்ட் வரைக்கும் போய் அதோட ஸ்ப்ரிங் விறைப்பு போயிடும். அப்புறம் ஒவ்வொரு தடவை விடும்போதும் பொறி நீளுது, காண்டாக்ட் முனை கொஞ்சம் கொஞ்சமா உருகி ஒட்டிக்குது. புதுசு போட்டாலும் அந்த வயர் முனைய அப்படியே சொருகினா இதே கதி தான். கருத்த பகுதிய வெட்டிட்டு, வயர் முனைக்கு புது லக் (உலோக முனை) வச்சு, க்ரிம்ப் பண்ணி, அதாவது நசுக்கி இறுக்கி மாட்டுங்க.

சர்வீஸ் தம்பி, 7:47
ஒட்டிகினது தானான்னு உறுதி பண்ணிக்கலாம் அக்கா. மீட்டர கன்டின்யூட்டில வச்சி தெர்மோஸ்டாட் ரெண்டு முனைல புடிங்க, பீப் வரும். ஸ்க்ரூவ 60ல வச்சிட்டு, உயரமான சொம்புல 80 டிகிரி பக்கம் சுடுதண்ணி ஊத்தி தண்ட மட்டும் முக்குங்க. முக்கால்வாசி முங்கணும், தலைல தண்ணி படக்கூடாது. வெளில தெரியறது பித்தளை குழாய், அது சூட்டுல நீளும். உள்ள இன்வார்ங்கிற உலோக கம்பி, அது அவ்வளவா நீளாது. அந்த வித்தியாசம் தான் சுவிட்ச இழுக்குது. நல்ல தெர்மோஸ்டாட்னா சீக்கிரமே 'டக்'குனு சத்தம் வந்து பீப் நின்னுடும்.

மாடிவீட்டு அக்கா, 8:02
3 நிமிஷம் முக்கி வச்சேன். பீப் நிக்கவே இல்ல.

சர்வீஸ் தம்பி, 8:03
அப்ப சந்தேகமே இல்ல. எலிமெண்ட்டையும் பாத்துடுங்க. வயர கழட்டிட்டு ரெண்டு முனைக்கும் நடுவுல 26 ஓம் பக்கம் வரணும். ஒரு முனைக்கும் பாடிக்கும் நடுவுல 20 மெகா ரேஞ்சுல எதுவும் காட்டக்கூடாது.

மாடிவீட்டு அக்கா, 8:09
26.8. பாடிக்கு எதுவும் காட்டல.

7ஆம் வீட்டு சித்தி, 8:12
எங்க கீசர்ல தண்ணி வெதுவெதுன்னு தான் வருது, உள்ள கடமுடன்னு சத்தம் வேற. அதுவும் தெர்மோஸ்டாட் தானா?

ஈபி மாமா, 8:18
இல்லம்மா, அது உப்பு. எலிமெண்ட் மேலயும் தெர்மோஸ்டாட் குழாய் மேலயும் சேந்து ஓடு மாதிரி படிஞ்சிருக்கும். எலிமெண்ட்டோட சூடு தண்ணிக்கு பரவறதுக்குள்ள குழாய்க்கு போயிடுது. தெர்மோஸ்டாட் தண்ணி சூடாயிடுச்சுன்னு நெனச்சு முன்னாடியே வெட்டிடுது.
உப்பு படிஞ்சா கரண்ட் பில் ரெட்டிப்பாகும்னு சொல்றாங்க, அது சரியில்ல. 2000 வாட்டும் கடைசில தண்ணிக்குள்ள தான் போகுது. கெடுதல் எலிமெண்ட்டுக்கு. சூடு வெளிய போக வழியில்லாம உறை வெடிக்கும், அதுல தண்ணி எறங்கும், கரண்ட் கசிஞ்சா வெட்டுற ஆர்சிசிபி சுவிட்ச் ட்ரிப் ஆகும். ட்ரிப் ஆகுற கீசர திரும்பத் திரும்ப போட்டு பாக்காதீங்க.

சர்வீஸ் தம்பி, 8:24
சித்தி, உங்களுத தண்ணிய எறக்கி பிளேட்ட கழட்டணும். பக்கெட்ல சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணில எலிமெண்ட்ட ஊற வைக்கலாம். கனெக்‌ஷன் பக்கம் நனையக்கூடாது. பாத்ரூம் கழுவற ஆசிட் வேணவே வேணாம், உறையவே அரிச்சிடும். கூடவே டேங்க் துருப்புடிக்காம தான் கரையற மெக்னீசியம் ராட பாருங்க. பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா புதுசு. கேஸ்கெட்டும் புதுசு தான் போடணும், பழச திருப்பி போட்டா கசியும். நட்ட எதிரெதிரா இறுக்கணும்.

மாடிவீட்டு அக்கா, 8:30
நான் பஜாருக்கு கெளம்பறேன். என்ன கேட்டு வாங்கணும்?

சர்வீஸ் தம்பி, 8:34
பழசையே கையோட எடுத்துனு போங்க. தண்டு நீளம் அதே இருக்கணும், 7 இஞ்ச், 11 இஞ்ச்னு ரெண்டும் கடைல இருக்கும். நீளம் அதிகமானா தலை வெளிய தொங்கும், கம்மியானா சூட்ட லேட்டா புடிக்கும். 20 ஆம்பியர் போட்டதா, கட்-அவுட் சேந்ததா வாங்குங்க. உங்களுது தனி வட்டு கட்-அவுட்னா அதையும் மாத்திடுங்க.
சில மாடல்ல தண்டுக்கு பதிலா மெல்லிசா செம்பு குழாயும் முனைல குமிழும் இருக்கும். அத மடிச்சி ஒடிச்சிட்டா உள்ள இருக்கிற திரவம் போயிடும், அதோட முடிஞ்சிது. குமிழு முழுசா உள்ள ஒக்காரலன்னாலும் தண்ணி கொதிக்கும்.

மாடிவீட்டு அக்கா, 10:50
7 இஞ்ச் கெடச்சுது, கட்-அவுட் அதுலயே இருக்கு. தண்டு அடி வரைக்கும் தட்டுற மாதிரி உள்ள போயிடுச்சு. லக் புதுசு, ஸ்க்ரூ இறுக்கியாச்சு, வயர இழுத்து பாத்தேன், அசையல. எர்த் வயர் பச்சை, அதோட நட்டும் கெட்டி.

சர்வீஸ் தம்பி, 10:53
ஸ்க்ரூவ 60ல வையுங்க. சுடுதண்ணி பைப்ப தொறந்து காத்து வராம தண்ணி ஒரே சீரா வர்றதா பாருங்க. டேங்க் காலியா இருந்தா எலிமெண்ட் நிமிஷத்துல போயிடும். மூடிய மாட்டிட்டு எம்சிபிய ஏத்துங்க, மணிய குறிச்சிக்கோங்க.

9ஆம் நம்பர் சார், 10:55
60 அதிகம் இல்லையா? வீட்ல குழந்தைங்க இருக்காங்களே.

ஈபி மாமா, 10:59
60 டிகிரி தண்ணி நேரா பட்டா 5 நொடில தோல் வெந்துடும், 70ன்னா ஒரே நொடி. அதனால பக்கெட்ல மொதல்ல பச்சத்தண்ணி, அப்புறம் சுடுதண்ணி. ஆனா டேங்க்ல 60க்கு ரொம்ப கீழ வச்சா, தேங்கின வெதுவெதுப்புல கிருமி வளரும். 60க்கு மேல போனா நம்ம தண்ணில உப்பு வேகமா படியும். அதனால 60.

மாடிவீட்டு அக்கா, 11:26
11:04க்கு போட்டேன். 11:23க்கு 'டக்', மஞ்ச லைட் அணைஞ்சிடுச்சு. ஆனா சேஃப்டி வால்வுல சொட்டுச்சு, இப்ப நின்னுடுச்சு.

ஈபி மாமா, 11:30
கணக்கு சரியா இருக்கு. 15 லிட்டர 25லேர்ந்து 60க்கு ஏத்த 2000 வாட்டுக்கு 18, 19 நிமிஷம். சூடாகும்போது அந்த 15 லிட்டர் ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவுக்கு விரியும், அது தான் வால்வு வழியா சொட்டுது. சூடு நின்னப்புறமும் சொட்டிக்கிட்டே இருந்தா வால்வ மாத்தணும். மாசம் ஒரு தடவை அதோட நெம்புகோல தூக்கி விட்டு தண்ணி பீச்சுதான்னு பாருங்க. அப்ப தண்ணி சூடா வரலாம், கை தள்ளி இருக்கட்டும்.

சர்வீஸ் தம்பி, 11:33
19 நிமிஷம்னு மூடி மேல ஸ்கெட்ச் பேனால எழுதிடுங்க அக்கா, தேதியோட. அடுத்த கார்த்திகைல மொதல் தடவ போடும்போது அரை மணியாகியும் லைட் அணையலன்னா உடனே எம்சிபிய எறக்கிடுங்க.

பின்வீட்டு அண்ணா, 11:36
தம்பி, எங்க கட்-அவுட்டுக்கு இன்னைக்கு சாயங்காலம் வரமுடியுமா?

சர்வீஸ் தம்பி, 11:37
5 மணிக்கு வர்றன் அண்ணா. மூடிய கழட்டி ஒரு போட்டோ அனுப்புங்க, எந்த மாடல்னு பாத்து கட்-அவுட் வாங்கிகினே வந்துடறன். ப்ளக் உருவியே இருக்கட்டும்.