வாசல் கேட்டுக்கு இன்டர்காம்: எதைப் பார்த்து வாங்குவது?

முன்கேட்

வணக்கம் எல்லோருக்கும். சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் இரண்டு மாடி டெரஸ் வீடு. முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பழைய ஆடியோ இன்டர்காம் ஒன்று கேட் தூணில் இருக்கிறது. மழை பெய்தால் யாரும் அமுக்காமலே அடிக்கிறது, வெயில் அடித்தால் அமுக்கினாலும் அடிப்பதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும்.

பகலில் வீட்டில் அப்பாவும் பணிப்பெண்ணும் மட்டும். அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, ஒவ்வொரு பார்சலுக்கும் எழுந்து கேட் வரை நடக்க முடியாது. டெலிவரிக்காரர்கள் வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கேட்டுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு வேண்டியது: யார் நிற்கிறார்கள் என்று அப்பா சோபாவிலிருந்தே பார்த்துப் பேச வேண்டும், ஆள் நுழைகிற சின்ன கேட்டை அங்கிருந்தே திறக்க வேண்டும், நான் ஆபீசில் இருந்தால் கைபேசியிலும் வர வேண்டும். கார் கேட் ஏற்கெனவே ஆட்டோகேட். சின்ன கேட்டுக்கு இப்போது சாவிப் பூட்டுதான்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன், மூன்று பேரும் மூன்று கதை சொல்கிறார்கள். ஒருவர் வைஃபை பெல் போதும் என்கிறார். இன்னொருவர் போர்ச் தரையை உடைத்துப் புது கேபிள் இழுக்க வேண்டும் என்கிறார் (தரை போன வருடம்தான் டைல்ஸ் போட்டது, வீட்டுக்காரி சம்மதிக்க மாட்டாள்). மூன்றாமவர் சிம் கார்டு போடுகிற பெட்டி, வயரே வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?

கடுகு

அண்ணே, 30 வெள்ளிக்கு ஒயர்லெஸ் காலிங் பெல் வாங்கி மாட்டிவிட்டு, கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்து "பார்சலை இதில் போடவும்" என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் அம்மா வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. பாதி வீடுகளில் வீடியோ இன்டர்காம் வாங்கி ஒரு வருடத்தில் வெறும் மணியாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வயர்மேன்_யீஷூன்

இந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எந்த பிராண்ட் என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் இரண்டு விஷயம்: தூணுக்கு என்ன வயர் வந்திருக்கிறது, சின்ன கேட்டில் என்ன பூட்டு போடப் போகிறீர்கள். இந்த இரண்டும் தெரிந்தால் எதை வாங்கலாம் என்பது தானாகக் குறுகி இரண்டு மூன்று மாடலில் வந்து நிற்கும்.

பழைய பெட்டியைக் கழற்றிப் பின்னால் எத்தனை கம்பி என்று எண்ணிப் பாருங்கள். செம்பு பச்சை பிடித்திருந்தால் பளபளப்பு தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து ஜெல் நிரப்பிய இணைப்பானில் சேர்க்க வேண்டும், வெறும் டேப் சுற்றினால் அடுத்த மழைக்காலத்தில் அதே கதைதான். மழையில் தானாக அடிக்கிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இணைப்பிலோ பொத்தானுக்குப் பின்னாலோ ஈரம் இறங்கி இரண்டு கம்பியைச் சேர்த்துவிடுவது. வயரே செத்துவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு கம்பி உயிரோடு இருந்தால் போதும், அதிலேயே கரண்டும் படமும் குரலும் போகிற டூ-வயர் வீடியோ செட் இருக்கிறது. தரையை உடைக்க வேண்டியதில்லை. உடைக்கச் சொன்னவர் கான்டியூட் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தாரா? குழாய் அடைக்காமல் இருந்தால் பழைய வயரைக் கட்டியே புதியதை இழுத்துவிடலாம். இழுப்பதென்றால் வெளிப்புறத்துக்கான கேபிள்தான், ஏனென்றால் மண்ணுக்குள் போகிற குழாயில் நம் ஊரில் தண்ணீர் நிற்காமல் இருக்காது.

பூட்டு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மின்காந்தப் பூட்டு மலிவு, பொருத்துவது சுலபம், ஆனால் கரண்டு இருக்கும்வரைதான் பிடிக்கும். இடி இடித்து ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்) விழுந்தால் உங்கள் கேட் திறந்தே கிடக்கும். வீட்டுக் கேட்டுக்கு எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் (தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்கிற மின்பிடி) போடுங்கள், கரண்டு கொடுத்தால்தான் விடுகிற வகை, மழையில் நனையலாம் என்று போட்டிருக்கிற மாடல். உள்ளே இருந்து கைப்பிடியைத் திருப்பினால் கரண்டு இல்லாமலும் திறக்க வேண்டும், வெளியே சாவித் துவாரம் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேட் தொங்கிப்போய்த் தாழ்ப்பாள் உரசிக்கொண்டிருந்தால் முதலில் கீலைச் சரி பண்ணுங்கள். உரசுகிற கேட்டை எந்த ஸ்ட்ரைக்கும் திறக்காது.

அப்புறம் வோல்டேஜ். பழைய தொலைபேசி வயர் அரை மில்லிமீட்டர் கம்பி. 30 மீட்டர் தூரம் என்றால் போய்த் திரும்பி 60 மீட்டர், ஏறக்குறைய 5 ஓம். பூட்டு அரை ஆம்பியர் இழுத்தால் 2.5 வோல்ட் வழியிலேயே போய்விடும், 12 வோல்ட் பூட்டுக்கு 9.5 வோல்ட்தான் கிடைக்கும், டிக் டிக் என்று சத்தம் போடும், திறக்காது. பூட்டுக்குத் தனி வயர், தனி பவர் சப்ளை. டிசி பூட்டாக இருந்தால் அதன் குறுக்கே ஒரு டையோடு, 1என்4007 போதும், சில காசு விலை. அது இல்லையென்றால் ஒவ்வொரு முறை பூட்டு நிற்கும்போதும் வருகிற உதைப்பில் இன்டர்காமுக்குள் இருக்கிற ரிலே, அதாவது பூட்டை இயக்குகிற மின்சுவிட்ச், கருகும்.

வெளிப் பெட்டிக்கு ஐபி65 கேளுங்கள். 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபி54 கூரைக்குக் கீழே சரி, திறந்த தூணில் வேண்டாம். ஆனால் அந்த எண் பெட்டிக்குத்தான், பின்னால் நீங்கள் வயருக்குப் போடுகிற ஓட்டைக்கு இல்லை. சிலிகான் மேலேயும் இரண்டு பக்கமும் போடுங்கள், கீழ்ப்பக்கம் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் மூடினால் உள்ளே வியர்க்கிற ஈரம் வெளியேற வழி இல்லாமல் போர்டைத் தின்றுவிடும். கீழே விட்ட இடைவெளியில் எறும்பு வரும், அதனால் வயர் ஓட்டையை மட்டும் தனியாக அடைத்துவிடுங்கள். நான் கழற்றிய பழைய பெட்டிகளில் எறும்புக் கூடும் பல்லி முட்டையும் இல்லாதவை குறைவு.

பைட்_மாமா

வயர்மேன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், வைஃபை பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

டெரஸ் வீட்டில் ரூட்டர் பெரும்பாலும் ஃபைபர் வந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும், கேட் தூணோ நடுவில் இரண்டு சுவர், ஒரு கார், ஒரு இரும்புக் கதவு தாண்டி. கைபேசியைத் தூணுக்குப் பக்கத்தில் பிடித்து, வைஃபை பலம் காட்டுகிற ஆப் ஒன்றில் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் அளவில் இருந்தால் முயற்சி பண்ணலாம், மைனஸ் 75-க்குக் கீழே போனால் படம் உறையும், குரல் வெட்டும். இன்னொன்று, மலிவான வைஃபை பெல் பெரும்பாலும் அழைப்பை எங்கோ இருக்கிற கிளவுட் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து உங்கள் கைபேசிக்கு வரும். அதற்குள் டெலிவரிக்காரர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அப்பா கைபேசி ஆப்பை நம்பி இருக்கக்கூடாது. சுவரில் ஒரு திரை, பெரிய பொத்தான், கேட்டோடு நேராக வயரில், இணையம் அறுந்தாலும் வேலை செய்கிற மாதிரி. கைபேசி வசதி அதற்கு மேல் கூடுதல்.

சிம் பெட்டி சொன்னவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அது எந்தத் தலைமுறை கைபேசி நெட்வொர்க்கில் ஓடுகிறது, 2ஜியா, 3ஜியா, 4ஜியா? சிங்கப்பூரில் 2ஜி 2017-இல் நின்றது, 3ஜி 2024-இல் நின்றது. வெளிநாட்டு இணையக் கடைகளில் ஜிஎஸ்எம் கேட் ஓப்பனர் (சிம் கார்டில் கேட் திறக்கிற பெட்டி) என்று மலிவாக விற்பதில் பல 2ஜி மட்டும் தெரிந்தவை. இங்கே அது காகிதம் பறக்காமல் மேலே வைக்கத்தான் ஆகும். 4ஜி, அதிலும் வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியாகவே பேசுவது) அழைப்பு ஏற்கிற மாடலா என்று எழுத்தில் வாங்குங்கள்.

புது கேபிள் இழுக்க முடிந்தால் கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிள், பிஓஇ (PoE) முறை. ஒரே கேபிளில் கரண்டும் இணைப்பும், சாதாரண பிஓஇ போர்ட் 15.4 வாட் தரும், இன்டர்காமுக்குத் தாராளம், 100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. ஆனால் யோசியுங்கள், உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் ஒரு முனையைத் தெருவில் தொங்கவிடுகிறீர்கள். திருகைக் கழற்றி லேப்டாப்பைச் செருகினால் உள்ளே வந்துவிடலாம். அதைத் தனி விலேனில் (VLAN, வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த பகுதி) போடுங்கள். இடியும் அதே கேபிள் வழியாக வரும். ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிற ஊர் இது, வீட்டுப் பக்க முனையில் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று எர்த்தோடு போடுவது நல்லது.

வாங்கும்போது சிஎஸ்ஏ (சிங்கப்பூர் சைபர் பாதுகாப்பு அமைப்பு) தருகிற சைபர் பாதுகாப்பு லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு நிலை இருக்கிறது, 2020-இல் தொடங்கியது. இன்டர்காமுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் முதல் நிலை இருந்தாலே எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து அனுப்புகிற அசிங்கம் இருக்காது.

முன்கேட்

ரொம்ப நன்றி. பெட்டியைக் கழற்றினேன். நான்கு கம்பி, இரண்டு பச்சை, இரண்டு சுமாராக இருக்கின்றன. எறும்பு உண்டு, பல்லி முட்டை இல்லை :) தூணில் வைஃபை மைனஸ் 78 காட்டுகிறது, ஆக அது போயிற்று. சிம் பெட்டிக்காரர் 4ஜியா என்று கேட்டதும் "பார்த்துச் சொல்கிறேன்" என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம். டூ-வயர் செட் ஒன்றில் பூட்டு வயரை வெளிப் பெட்டியிலேயே இணைக்கலாம் என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே பூட்டு இருப்பதால் அது சுலபம்தானே?

வயர்மேன்_யீஷூன்

சுலபம்தான், திருடனுக்கும். வெளிப் பெட்டிக்குள் ரிலே இருந்தால் இரண்டு திருகைக் கழற்றி இரண்டு கம்பியைச் சேர்த்தால் கேட் திறந்துவிடும், படம் குரல் எதுவும் வேண்டாம். பூட்டை வீட்டுக்குள் இருக்கிற மானிட்டரின் ரிலேயிலிருந்து ஓட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே வைக்கிற தனி ரிலே பெட்டி கேளுங்கள், நல்ல மாடல்களுக்குத் துணைப்பொருளாகக் கிடைக்கும். ஆட்டோகேட்டையும் இதே மானிட்டரிலிருந்து திறக்கலாம், கேட் மோட்டார் போர்டில் புஷ் பட்டன் முனை இருக்கும், இரண்டாவது ரிலேயின் டிரை காண்டாக்ட் (வெறும் சுவிட்ச் முனை) அங்கே போகும், அதில் வோல்டேஜ் எதுவும் கொடுக்கக்கூடாது. உங்களுக்கு இரண்டு ரிலே உள்ள மானிட்டர் வேண்டும் என்று இதிலிருந்தே தெரிகிறது.

பச்சைக் கம்பி இரண்டையும் மறந்துவிடுங்கள். சுமாரான இரண்டில் இன்டர்காம். பூட்டுக்கு வேறு வழி பாருங்கள், ஆட்டோகேட் மோட்டாருக்கு வந்த குழாயில் இடம் இருந்தாலும் 230 வோல்ட் வயரோடு இதைச் சேர்த்துத் திணிக்கக்கூடாது. சுவர் ஓரமாக மேல்கேஸிங் (வயரை மூடுகிற மேல்உறை) போட்டால் டைல்ஸ் பிழைக்கும்.

ஈஸ்ட்கோஸ்ட்_வாசி

நான் சின்ன அடுக்குமாடி ஒன்றில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன், பத்துப் பன்னிரண்டு வீடுதான். இதைத் தேடி வருகிறவர்களில் எங்களைப் போல இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், டெரஸ் வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

எங்கள் பழைய அமைப்பில் உள் ரிசீவர் அந்த நிறுவனத்துடையதுதான் பொருந்தும். மாடலை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் கெட்டதும் மாற்ற ஆளில்லை, கடைசியில் எல்லாருக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. இந்த முறை சிப் (SIP, இணைய அழைப்புக்கான பொதுத் தரநிலை) முறையில் பேசுகிற வெளிப் பேனல் வாங்கினோம், அதே தரநிலை உள்ள எந்த நிறுவனத்தின் உள் திரையும் அதோடு பேசும், திரை வேண்டாம் என்கிற வீட்டுக்காரருக்குக் கைபேசிக்கே அழைப்பு போகும்.

பொதுக் கதவில் நாங்கள் மின்காந்தப் பூட்டுதான் போட்டோம், வயர்மேன் சொன்ன குறையே இங்கே தேவையாக இருக்கிறது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் அது தானாக விட வேண்டும், உள்பக்கம் கண்ணாடி உடைத்துத் திறக்கிற பெட்டியும் வேண்டும். கார்டு விஷயத்தில் 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு கொடுத்தால் சாவி நகல் போடுகிற கடையிலேயே பிரதி எடுத்துவிடுவார்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் மறையாக்கமே இல்லை. மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகையின் மறையாக்கமும் 2008-லேயே உடைந்துவிட்டது. அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் கார்டு கேட்டோம், ஒரு கார்டுக்குச் சில வெள்ளி கூட. பேனலில் வீட்டு எண் மட்டும், பெயர் கிடையாது. வீட்டுக்காரர் தன் சொந்த வாசலைப் படம் பிடிப்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது, நிர்வாகக் கழகம் பதிவு செய்தால் வரும், அதனால் வாசலில் கேமரா அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம்.

கடுகு

டெஸ்ஃபயர், விலேன், டையோடு. ஒரு கதவைத் திறக்க. நான் பிளாஸ்டிக் பெட்டியோடு நிற்கிறேன்.

பைட்_மாமா

கடுகு அக்கா, பெட்டியும் வையுங்கள், தப்பில்லை. முன்கேட் அப்பா எழுந்திருக்காமல் "பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள்" என்று பேசினாலே பாதி வேலை முடிந்தது, கேட்டைத் திறக்கவே வேண்டாம்.

முன்கேட்

அது நல்ல யோசனை, பெட்டி வைக்கிறேன். டூ-வயர் செட், இரண்டு ரிலே மானிட்டர், ஸ்ட்ரைக்குக் கேஸிங் என்று முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை சிம் லிம் டவர் போய் நேரில் பார்க்கப் போகிறேன். கேட் மேற்குப் பார்த்தது, அதற்கு ஏதாவது?

வயர்மேன்_யீஷூன்

மேற்கு என்றால் சாயங்காலம் நேர் வெயில் கேமராவுக்குள் விழும், படம் வெளுத்துப்போகும். கடைக்காரரிடம் டபிள்யூடிஆர் (WDR, எதிர்வெளிச்சத்திலும் முகம் தெரியவைக்கிற வசதி) இருக்கிற கேமரா கேளுங்கள், கடைக்குள் காட்டுகிற படத்தை நம்பாமல் செட்டை வாசல் வெளிச்சத்துக்கு எதிரே திருப்பச் சொல்லிப் பாருங்கள். மழைக்கூரை வைத்த மாடல் எடுங்கள், அது வெயிலையும் கொஞ்சம் மறைக்கும். கறுப்பு உலோக முகப்பு பார்க்க அழகு, மேற்கு வெயிலில் தொட முடியாது, வெள்ளி நிறம் எடுங்கள். குரலைக் கடைக்குள் சோதிக்காதீர்கள், அங்கே எல்லாமே நன்றாகக் கேட்கும். தூணில் மாட்டியபின் லாரி போகும்போது அப்பாவைப் பேசச் சொல்லிப் பாருங்கள், சரியில்லையென்றால் மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன் கேட்டு ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.