மறு: டியூ டிலிஜென்ஸ் - தமிழில் என்ன?

> 'விடாமுயற்சி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? 'உரிய விடாமுயற்சி' போதுமே.

போதாது ஐயா. டியூ டிலிஜென்ஸ் (due diligence) என்பது வாங்குமுன், ஒப்பந்தம் செய்யுமுன் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பது. வெள்ளவத்தையில் ஒருவர் ஃபிளாட் வாங்கப் போகிறார் என்று வையுங்கள். அவருடைய சட்டத்தரணி காணிப் பதிவகத்து ஏடுகளைப் புரட்டி, முப்பது வருட உறுதிகளை (காணிப் பத்திரங்களை) ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் பார்க்கிறார். ஈடு ஏதும் மீளாமல் நிற்கிறதா, பங்காளி யாரும் கையெழுத்து வைக்காமல் விடுபட்டாரா, வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று துருவி அறிக்கை கொடுக்கிறார். இதைப் போய் 'விடாமுயற்சி' என்றால், விற்பவர் மாட்டேன் என்ற பிறகும் அவர் வாசலிலேயே நிற்பதுபோல அல்லவா இருக்கிறது!

டிலிஜென்ஸ் தனியே வந்தால் விடாமுயற்சி, ஊக்கம், ஆள்வினை எல்லாம் பொருந்தும். குறளில் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. முன்னால் 'டியூ' ஒட்டியதும் அது குணத்தின் பெயராக இல்லாமல், பொறுப்பை ஏற்குமுன் செய்யும் சோதனையின் பெயராகிவிடுகிறது. அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டுப் பிணையங்கள் (பங்கு, கடன்பத்திரம் போன்றவை) சட்டத்தின் 11ஆம் பிரிவில் அந்தச் சொற்றொடரே கிடையாது. வெளியீட்டு ஆவணத்தில் பிழை இருந்து வழக்கு வந்தாலும், நியாயமான அளவு விசாரித்த பிறகே நம்பினோம் என்று காட்டினால் தப்பலாம் என்பதுதான் அங்கே இருப்பது. அந்த எதிர்வாதத்துக்குத்தான் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது.

அதனால் இங்கே ஓர் அக்கா எழுதிய 'தீர விசாரித்தல்' எனக்குப் பிடித்திருந்தது. சம்பந்தமோ காணியோ, எங்கள் வீடுகளில் "விசாரிச்சனீங்களோ?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் கொழும்பில் விசாரணை என்றால் பொலிஸும் நீதிமன்றமும்தான். கணக்குத் திறக்க வந்தவரிடம் 'உங்கள்மீது தீர விசாரணை' என்றால் ஆள் எழும்பிப் போய்விடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் நிதி நிறுவனங்களுக்கு 2016ஆம் ஆண்டு வந்த வாடிக்கையாளர் டியூ டிலிஜென்ஸ் விதிகள் இடர் அளவைப் பொறுத்தவை. அரசியல் செல்வாக்குள்ளவர் என்றால் சோதனையும் கூட வேண்டும். ஆகவே நமது சொல் முன்னால் ஓர் அடைமொழியைத் தாங்க வேண்டும். 'கூடுதல் தீர விசாரித்தல்' நொண்டுகிறது. தீர விசாரித்த பிறகு கூடுதல் ஏது? 'உரிய கவனம்' பரவாயில்லை, ஆனால் அதை டியூ கேருக்கு (due care, செயலில் காட்டவேண்டிய கவனம்) விட்டுவைப்பது நல்லது. 'உறுதியாய்வு' என்றால் இங்கே காணி உறுதியைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

என் பரிந்துரை: தேர்ந்தாய்வு. 'தேர்' என்றால் தெரிவுசெய்தல் மட்டுமல்ல, ஆராய்தலும்தான் (தேர்தலில் நாம் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறோம், அது வேறு கதை). வாடிக்கையாளர் தேர்ந்தாய்வு, கூடுதல் தேர்ந்தாய்வு, மனித உரிமைத் தேர்ந்தாய்வு என்று எங்கும் உட்காரும்.

கணக்காய்வுக்காரர்கள் இதை, சில மாதிரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதோடு குழப்பிக்கொள்ளக்கூடும். அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இடிக்கிறதா?