மறு: நேனோ கையேடு, 3ஆம் அத்தியாயம் – குறுக்குவழியா, விசைக்கட்டா?

வணக்கம் ஐயா, வணக்கம் தம்பி, குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், ஓடும் உரைத்திருத்தி நேனோ. அதைப் பற்றி மாணவர்களுக்கு நாம் எழுதும் கையேட்டின் முதல் இரண்டு அத்தியாயங்கள் நன்றாக வந்திருக்கின்றன, கை வைக்கத் தேவையில்லை. மூன்றாவதில் தலைப்பே இடிக்கிறது.

> "விசைப்பலகைக் குறுக்குவழிகள்" என்றே போகட்டும் அண்ணா. எல்லா மென்பொருளிலும் அப்படித்தான் இருக்கிறது. மலாயிலும் பிந்தாசான் என்றுதானே சொல்கிறோம், பிள்ளைகளுக்கு அது பழகிப்போனது.

தம்பி, குறுக்குவழி என்று ஒன்றைச் சொன்னால் வழக்கமான வழி வேறு ஒன்று இருக்க வேண்டும். ஆவணம் தட்டும் மென்பொருளில் அது இருக்கிறது. மேலே பட்டியைத் திறந்து "வெட்டு" என்பதைச் சொடுக்கலாம், அதற்குப் பொறுமை இல்லையென்றால் கண்ட்ரோல்-எக்ஸ். அங்கே அந்தச் சொல் சரி, நான் சண்டைக்கு வரவில்லை. நேனோவில் மேலே பட்டியே கிடையாது. கீழே இரண்டு வரி தெரிகிறதே, அது எந்த விசைக்கு என்ன நடக்கும் என்ற அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். கண்ட்ரோல்-கே வரியை வெட்டும், கண்ட்ரோல்-யூ ஒட்டும், கண்ட்ரோல்-ஓ சேமிக்கும், கண்ட்ரோல்-எக்ஸ் வெளியே கொண்டுபோகும். இதைவிட நீளமான வழி எங்கே இருக்கிறது? 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை பட்டர்வொர்த்தில் காரை வைத்திருப்பவர் தீவுக்கு வர ஃபெர்ரிதான். அதைக் குறுக்குவழி என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

இப்போது யாராவது மவுஸைப் பற்றிக் கேட்பீர்கள். ஆமாம், அமைப்புக் கோப்பில் "செட் மவுஸ்" என்று போட்டால் அந்தக் கீழ்வரிகளில் சொடுக்கலாம். அப்போதும் நாம் சொடுக்குவது விசையின் பெயர் எழுதியிருக்கும் இடத்தில்தான், ஆகவே வாதம் மாறவில்லை.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. இந்த அத்தியாயத்தின் பாதி, விசைகளை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வதைப் பற்றியது. வீட்டு அடைவில் .நேனோஆர்சி என்ற கோப்பைத் திறந்து இப்படி ஒரு வரி போடச் சொல்கிறோம்:

பைண்ட் ^இசட் அன்டூ மெயின்

நாலு சொல். முதலாவது கட்டளை. இரண்டாவது விரல் அழுத்துவது, தொப்பிக்குறி கண்ட்ரோலைக் குறிக்கிறது. மூன்றாவது நேனோ செய்யப்போகும் வேலை, அதாவது கடைசியாகச் செய்ததைத் திருப்பிப் போடுவது. நான்காவது இது எங்கே செல்லும் என்பது, இங்கே முதன்மைத் திரை. இதில் எது "குறுக்குவழி"? நம் வரைவில் "குறுக்குவழியை அழுத்தவும்" என்று ஓரிடத்தில் இருக்கிறது, "குறுக்குவழியை மாற்றவும்" என்று இன்னோரிடத்தில், அப்புறம் அன்பைண்ட் கட்டளை வரும் இடத்தில் "குறுக்குவழியை நீக்கவும்". நீக்கினால் என்ன போகிறது என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்? விசை போகவில்லை, விசைப்பலகையில் அங்கேயேதான் இருக்கிறது. அந்த வேலையும் போகவில்லை, மெட்டா-யூ (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை) அழுத்தினால் முன்போலவே நடக்கும், அதுதான் நேனோவோடு வருகிற பழைய விசை. போனது இரண்டுக்கும் நடுவில் இருந்த பந்தம் மட்டும். அதற்குத்தான் நம் வரைவில் பெயர் இல்லை, இந்த அத்தியாயமே அதைப் பற்றித்தான்.

அதனால் என் முன்மொழிவு: விரல் சேர்த்து அழுத்துவது கூட்டுவிசை. நேனோ செய்வது செயல். கூட்டுவிசையைச் செயலோடு சேர்ப்பது விசைக்கட்டு. வினைச்சொல்லாக வேண்டும் என்றால் கட்டு, அவிழ். "கண்ட்ரோல்-இசட் விசையைத் திருப்பிப்போடும் செயலோடு கட்டுங்கள், வேண்டாம் என்றால் அவிழ்த்துவிடுங்கள்." தனியாக அகராதி வேண்டியதில்லை, படித்தவுடன் புரியும்.

> ஏவுவிசை எனலாமே. ஏவல், ஏவுதல் எல்லாம் கட்டளையோடு தொடர்புடைய நல்ல தமிழ்ச் சொற்கள்.

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் பாடத்தில் விசை என்றால் வேறு பொருள், தள்ளுவதும் இழுப்பதும். ஏவுவிசை என்று எழுதினால் பிள்ளைகள் ராக்கெட்டைத்தான் தேடுவார்கள். அதையும் ஒரு ஓரமாக வைத்துவிடலாம், எனக்கு உண்மையான தயக்கம் இலக்கணத்தில். ஏவுவிசை, விரைவுவிசை, சுருக்குவிசை, மூன்று நாளைக்கு முன் இன்னொருவர் சொன்ன பிணைவிசை, எல்லாமே விசை என்று முடிகின்றன. தமிழில் தொகைச்சொல்லின் கடைசிப் பகுதிதான் அது என்ன பொருள் என்று சொல்லும். பலாப்பழம் பழம், பழச்சாறு சாறு. அப்படிப் பார்த்தால் இவை எல்லாம் ஏதோ ஒருவகை விசைக்குப் பெயர். நமக்கு வேண்டியது விசைக்கு அல்ல, கட்டுக்குப் பெயர். விசைக்கட்டு என்றால் கட்டு, விசையைக் கட்டிய கட்டு. பிணை என்பதை வினையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அது ஜாமீன் வாடை அடிக்கிறது, பத்திரிகையில் "பிணையில் விடுதலை" படித்துப் பழகியவர்கள் நாம்.

கட்டு என்பதற்குப் பொருள் அதிகம் என்று ஐயா முன்பே எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஃபீஸ் கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், காயத்துக்குக் கட்டுப் போடுகிறோம், வெற்றிலைக்கட்டு வாங்குகிறோம். ஆனால் முன்னால் விசை வந்து உட்கார்ந்த பிறகு இவற்றில் எதையாவது யாராவது நினைப்பார்களா? எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் "பைண்ட்" என்ற சொல்லும் புத்தகத்துக்கு அட்டை கட்டுவதற்கும் காயத்தைக் கட்டுவதற்கும் ஓடுகிற சொல்தான், அவர்கள் குழம்பிப் போகவில்லை.

விசையையும் கட்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, வரைவில் இது வரவேயில்லை, ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வர வேண்டும். டெர்மினலில் நாம் அழுத்தும் விசை அப்படியே நேனோவுக்குப் போவதில்லை, ஒரு எண்தான் போகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் கே என்ற பெரிய எழுத்துக்கு 75. கண்ட்ரோலைச் சேர்த்தால் அதில் 64 கழிந்து 11 போகும். சின்ன எழுத்தாக இருந்தாலும் அதே 11தான், அதனால்தான் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் தனி விசை கிடைப்பதில்லை. இப்போது ஐ என்ற எழுத்தைப் பாருங்கள்: 73இல் 64 போனால் 9. டேப் விசைக்கும் 9தான். எம் என்பது 77, கழித்தால் 13, அது எண்டர். ஹெச் கழிந்தால் 8, சில டெர்மினலில் அது பேக்ஸ்பேஸ். ஆகவே "கண்ட்ரோல்-எம் விசையை நான் வேறு வேலைக்குக் கட்டிக்கொள்கிறேன்" என்று ஒரு மாணவர் கிளம்பினால் எண்டர் விசையும் கூடவே போய்விடும், புது வரிக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார். நேனோவின் சொந்த ஆவணமே எம், ஐ இரண்டையும் மாற்றிக் கட்டுவது நல்ல யோசனை அல்ல என்கிறது. எஸ்கேப்பை மாற்றவே முடியாது, ஏனென்றால் மெட்டா விசைகளும் அம்புக்குறி விசைகளும் அனுப்புகிற தொடர் எஸ்கேப்பின் எண்ணான 27இல்தான் தொடங்குகிறது. விரலுக்கு இரண்டு விசை, நேனோவுக்கு ஒன்று. இதைக் குறுக்குவழி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விளக்கிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

ஒரு விசைக்கு ஓர் இடத்தில் ஒரே கட்டு, ஆனால் ஒரு செயலுக்கு எத்தனை விசையையும் கட்டலாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். கண்ட்ரோல்-ஒய் விசையை "ரீடூ" என்ற செயலோடு கட்டினால் அது முன்பு செய்துவந்த, ஒரு பக்கம் மேலே போகும் வேலையை விட்டுவிடும். பக்கம் நகர்த்த பேஜ்அப் விசை இருப்பதால் பெரிய இழப்பு இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் திகைப்பார்கள்.

அடுத்தது தம்பியின் இன்னொரு யோசனை.

> ^கே என்று எழுதாமல் தமிழ்99 பலகையில் அந்த இடத்தில் இருக்கும் எழுத்தைப் போட்டு ^ம என்று எழுதலாமா? முழுக்கத் தமிழாக இருக்கும்.

ஆசை புரிகிறது. ஆனால் இது நடக்காது, நம் ஊரில் சுத்தமாக நடக்காது. 1999இல் சென்னை மாநாட்டில் முடிவான தமிழ்99இல் அந்த விசை ம, சரி. இங்கே பாதிப் பேர் ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் தட்டும் அஞ்சல் முறையில் தட்டுகிறவர்கள், அந்த முறையைக் கொண்ட முரசு அஞ்சல் மென்பொருள் பிறந்ததே மலேசியாவில்தானே. அவர்களுக்கு அதே விசை க. ^ம என்று படித்துவிட்டு அவர்கள் எம் எழுத்துள்ள விசையை கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்துவார்கள், அது எண்டர் என்று மேலே பார்த்தோம். போதாததற்கு, நேனோவில் தொப்பிக்குறிக்குப் பின்னால் லத்தீன் எழுத்தோ ஒருசில குறிகளோதான் வரலாம், தமிழ் எழுத்தைப் போட்டால் அந்த வரியைப் பிழை என்று தள்ளிவிடும். விசைப்பலகையில் அச்சடித்திருக்கும் எழுத்தின் பெயரையே எழுதுவோம்.

> கீழ்வரிகளையும் தமிழில் போட்டுப் படம் எடுத்தால் கையேடு அழகாக இருக்கும்.

இதற்கு நான் பாதி ஒப்புதல். 80 கட்ட அகலத் திரையில் ஒவ்வொரு விசைக்கும் அதன் விளக்கத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு கட்டம். டெர்மினல் எல்லா எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் அடைக்கப் பார்க்கும், நம் ண, ஞ, ஔ எல்லாம் அதில் அடங்குவேனா என்று அடம்பிடிக்கும். ஒற்றைச் சொல் வினைகளாக வைத்தால் தப்பிக்கலாம்: வெட்டு, ஒட்டு, தேடு, சேமி, உதவி, வெளியேறு. கட்டு, அவிழ் இரண்டும் அந்த வரிசையில் பொருந்துவதும் எனக்கு அவற்றைப் பிடித்ததற்கு ஒரு காரணம்.

மலாய்ச் சொல் பற்றி ஒரு வார்த்தை. ஜாலான் பிந்தாஸ் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான், அதனால் வரைகலை மென்பொருள் பற்றிய கையேட்டில் குறுக்குவழி இருக்கட்டும், அங்கே இரண்டு மொழியும் ஒரே படத்தைக் காட்டுகின்றன. இங்கே மட்டும் வேண்டாம் என்கிறேன். "ஒருமுறை வைத்த சொல்லைத் தொடக்கூடாது" என்ற வாதத்தையும் கேட்டேன். நேனோக்காரர்களே கண்ட்ரோல்-யூ விசைக்குப் பல காலம் "வெட்டியதை மீட்பது" என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்திருந்து பிறகு எல்லாரும் சொல்கிற ஒட்டுவதற்கு மாறிவிட்டார்கள். அவர்கள் மாற்றலாம், வெளிவராத வரைவில் நாம் மாற்றக்கூடாதா?

2024இல் வந்த நேனோ 8.0 பதிப்பையும் கவனிக்க வேண்டும். அதில் "மாடர்ன்பைண்டிங்ஸ்" என்ற விருப்பத்தோடு தொடங்கினால் கண்ட்ரோல்-சி நகலெடுக்கும், கண்ட்ரோல்-வி ஒட்டும், கண்ட்ரோல்-எக்ஸ் வெட்டும், வெளியேற கண்ட்ரோல்-க்யூ. மற்ற மென்பொருளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது வசதி. "புதுவகை விசைக்கட்டுகள்" என்று நான் எழுதியிருக்கிறேன். "நவீனக் குறுக்குவழிகள்" என்று வைத்தால் விரைவில் பணக்காரர் ஆகச் சொல்லும் வாட்ஸ்அப் விளம்பரம் போல இருக்கிறது. விருப்பம் இல்லாமல் தொடங்கினாலும் 8.0இல் கண்ட்ரோல்-எஃப் தேடலுக்குப் போய்விட்டது, முன்பு அது ஓர் எழுத்து முன்னால் நகரும். ஆய்வகக் கணினிகளில் பழைய பதிப்பு இருந்தால் கையேட்டோடு ஒத்துவராது, ஆகவே அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

விம் என்ற இன்னோர் உரைத்திருத்தியின் வாசகர்களுக்கும் இதே சொல் ஓடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். விம்மில் கட்டளையின் பெயர் "மேப்", அங்கே ஒரு விசைத்தொடர் இன்னொரு விசைத்தொடராக மாறுகிறது, அதற்கு வேறு சொல் தேடலாம். டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கும் பாஷ் ஷெல்லில் இருப்பது "பைண்ட்"தான், அங்கே விசைக்கட்டு அப்படியே பொருந்தும். ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு கண்ட்ரோல்-எஸ் என்று அடுத்தடுத்து அழுத்துவதற்கு கூட்டுவிசை போதாது, தொடர்விசை என்று ஒன்று வேண்டிவரும். இந்தக் கையேட்டுக்கு அது தேவையில்லை, விட்டுவிடுவோம்.

நான் இன்னும் முடிவுக்கு வராதது அந்த நாலாவது சொல். நேனோ அதை மெனு என்கிறது, ஆனால் தேர்ந்தெடுக்கிற பட்டியல் எதுவும் அங்கே இல்லை, முதன்மைத் திரை, தேடல், உதவி என்று நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைத்தான் குறிக்கிறது. பட்டி என்று எழுத மனம் வரவில்லை. இப்போதைக்கு சூழல் என்று போட்டுவைத்திருக்கிறேன், ஐயாவுக்கு இதைவிடச் சின்னதாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். தம்பி, நீங்கள் வரைவில் "குறுக்குவழி" வரும் இடங்களை ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றிவிட வேண்டாம், ஒவ்வொன்றிலும் விசையைச் சொல்கிறோமா கட்டைச் சொல்கிறோமா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஞாயிறு மாலைக்குள் வேறு மறுப்பு வரவில்லையென்றால் முதல் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.