“எங்க வீட்டுலயும் அதே கதைதான்”: கவிதை கேட்டவர்கள் சொன்னவை

கவிதை கேட்பவரைத் தொட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிங்கப்பூரில் கவிதை எழுதும் மூவர் சொல்கிறார்கள்.

தெம்பனிசிலிருந்து:

கவிதை கேட்பவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க நான் கைத்தட்டலைக் கணக்கில் எடுப்பதில்லை. கவியரங்க மேடையில் ஒரு வரியை இரண்டு முறை சொல்லி, மூன்றாவது முறை குரலை உயர்த்தினால் எதற்கும் தட்டுவார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். தமிழை உயிர் என்று சொல்லி முடித்தால் அரங்கம் அதிரும். அப்புறம் சாப்பாட்டு வரிசையில் கேட்டுப் பாருங்கள், ஒரு வரிகூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே குழாய்க்குள் மூங்கில் கழியைச் செருகித் துணி காயப்போடுவோமே, அதைப் பற்றிச் சின்னதாக ஒன்று எழுதியிருந்தேன்.

மேல்வீட்டு ஈரம்
என் வீட்டுக் காய்ந்த சட்டையில்
சொட்டுகிறது.
அண்ணாந்து பார்க்கிறேன்.
குனிந்து பார்க்கிறார்.

அவ்வளவுதான். நூலகத்தில் நடந்த ஒரு சந்திப்பில் வாசித்தேன், யாரும் தட்டவில்லை. முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் வந்து, “தம்பி, மேல்வீட்டுல இருக்கிறது மலாய்க்காரவங்களா, சீனவங்களா?” என்றார். அது கவிதையில் இல்லையே அம்மா என்றேன். “எங்க மேல்வீட்டுல ஒரு சீனப் பாட்டி. தரை துடைக்கிற துணியப் பிழியாமலே தொங்கவிடும். ஒரு நாள் சண்டைக்குன்னே ஏறிப் போனேன். சீனப் புத்தாண்டு நேரம். கையில ரெண்டு ஆரஞ்சுப் பழத்தக் குடுத்து அனுப்பிருச்சு. துணி இன்னமும் சொட்டுது” என்று தொடங்கியவர், எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நிறுத்தவில்லை.

கவிதைக்கு அடியில் நல்லிணக்கம் என்று நாலு வரி சேர்த்திருந்தால் “நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார், சண்டை வெளியே வந்திருக்காது. சங்கப் பாடல்களில் கருப்பொருளை, அதாவது அந்த நிலத்துப் பறவை, மரம் போன்றவற்றை, வைத்துவிட்டுப் புலவர் ஒதுங்கிக்கொள்வார். நாரையும் உப்பங்கழியும் வந்தாலே கடற்கரை நிலமான நெய்தலுக்குரிய இரங்கல், பிரிவுத் துயரம், பாதி வந்த மாதிரி. நமக்கு இங்கே மூங்கில் கழி இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, கோப்பிக்கடை மேசை இருக்கிறது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் வயல், வரப்பு என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். தாத்தா ஊரை அவர்கள் பார்த்ததே டிசம்பர் விடுமுறையில்.

துவாஸ் பக்கமிருந்து:

அண்ணன் சொன்னது சரி. நான் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014-இல் தொடங்கியதிலிருந்து எங்கள் ஆட்களிலும் எழுதுகிறவர்கள் உண்டு. விடியற்காலையிலேயே வந்துவிடும் மதியச் சோற்றுப் பொட்டலம் பற்றி நான் எழுதியதை இடைவேளையில் படித்துக் காட்டினேன். யாரும் பாராட்டவில்லை. “குழம்புப் பையில ரப்பர் பேண்டு இறுக்கிச் சுத்தியிருக்குமே அண்ணே, கையுறை கழட்டாம பிரிக்க முடியாதே, அத எழுதலையா?” என்றான் ஒருவன். இன்னொருவன், “ஊசிப்போச்சுன்னு மூக்கு சொல்லும், பசி ஒத்துக்காது” என்றான். அதை அப்படியே போட்டுக்கொண்டேன். கவிதையில் உருப்படியான வரி அதுதான். எழுதியதைக் கேட்டு ஆளுக்கொன்று சேர்க்க வந்தால், அது அவர்களுடையதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அங் மோ கியோவிலிருந்து:

தம்பிகள் இருவரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள், காதை மறந்துவிட்டீர்கள். நான் வெண்பாக்காரன், மரபு யாப்பில் எழுதுகிறவன். வெண்பாவில் முன்னால் வரும் அடிகளெல்லாம் நாற்சீர், அதாவது நான்கு ஓசைத் துண்டுகள்; ஈற்றடி என்கிற கடைசி அடி மட்டும் முச்சீர். படிகளில் இறங்கும்போது கடைசிப் படி சட்டென்று வந்துவிடுகிற மாதிரி. அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகை காதில் ஏறியதும் கேட்பவர் வாய் அசைய ஆரம்பிக்கும், நமக்கு முன்னால் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. மரபு என்றாலே வாசகர் ஓடுவார் என்பது சோம்பேறிகள் கிளப்பிவிட்ட பேச்சு. ஓடுவது மரபுக்கு அல்ல, ‘முத்தமிழே, முழுமதியே’க்கு.

ஓர் ஈற்றடி போடுகிறேன்: “லிப்டில் சிரித்த முகம்”. தளை, அதாவது சீரோடு சீர் சேரும் கட்டு, சரியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். முதல் மூன்று அடியை யாராவது எழுதுங்கள். தமிழன்னையைக் கூப்பிடாமல்.