20 பேர்ச் வளவு, மூன்று பெண்பிள்ளை: சீதனம் எழுதுவது எப்படி?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். மருமகன் அங்கே வருவார், தாய் தகப்பன் அதே வளவில் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்குவார்கள். 20 பேர்ச்சில் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) மூன்று பேருக்கு இது எப்படிச் சரிவரும்? மூத்தவளுக்கு முழுதாக எழுதிவிட்டுப் பிறகு பார்க்கலாமா?

படுவான்கரை:
முழுதாக எழுதாதீங்க. முந்தி வளவும் பெரிது, வயலும் இருந்தது. மூத்தவளை வீட்டில் குடிவைத்து, ரெண்டு மூன்று போகக் காசில் அடுத்தவளுக்குக் கட்டினார்கள். குடி, அதாவது குலம், தாய்வழி என்பதால் அக்கா தங்கச்சி ஒரே குடி, மாப்பிள்ளைமார்தான் வேறு குடி. வேலி இல்லை, கிணறு ஒன்று. காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆக்களிடமும் பெண்ணுக்கே வீடு.

சுனாமிக்குப் பிறகு கன இடங்களில் வீட்டுப் பத்திரம் 'குடும்பத் தலைவர்' என்று புருசன் பேரில் வந்தது. தாய்வழி வந்த வீட்டுரிமை அதிலே கைமாறிப் போனது. இது பெரிய அநியாயம்.

உறுதிக்கட்டு:
வழக்கம் தானாகக் காப்பாற்றாது. முக்குவர் சட்டம் (மட்டக்களப்பின் பழைய தாய்வழிச் சொத்துச் சட்டம்) இப்போது செல்லாது, தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு. உறுதி (காணிப் பத்திரம்) எழுதாமல் ஒருவர் கண்மூடினால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அவருடைய சொத்தில் அரைவாசி துணைக்கு, மீதி ஆண் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு. முஸ்லிம்களுக்கு வேறு சட்டம்.

முதலில் நில அளவையாளரைக் கொண்டு மூன்று துண்டாக வரைபடம் போடுங்க. பின் துண்டுக்குப் பாதையை அதிலேயே காட்டவேணும். இல்லாட்டி முன்வீட்டுக்காரி மதில் கட்டினதும் பின்வீட்டுக்கு மண்லொறி போகாது. கிணறு எந்தத் துண்டில் விழுகுதோ, அந்த உறுதியில் மற்ற ரெண்டு பேருக்கும் தண்ணி அள்ளும் உரித்தை எழுதுங்க. துண்டாட உள்ளூராட்சி சபை அனுமதியும் வேணும்.

நன்கொடை உறுதி நொத்தாரிசு முன், ரெண்டு சாட்சியோடு. மகள் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்கவேணும். தாய் தகப்பன் ஆயுள் உரித்தை வைத்துக்கொள்ளுங்க, அப்போதுதான் கடைசிவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை கையில் நிற்கும். உடனே காணிப் பதிவகத்தில் பதியுங்க.

வாவிக்கரை:
அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்கும் இப்படித்தானா?

உறுதிக்கட்டு:
இல்லை. அம்பாறைக் குடியேற்றக் காணிகள் கனக்க அனுமதிப்பத்திரக் காணிதான், அதை நினைத்தபடி துண்டாட ஏலாது. உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்று பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரைப் பெயரிடுங்க. பெயரிடாத இடத்தில் முந்தி மகன்தான் முந்துவார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் அந்த ஆண் முன்னுரிமை எடுபட்டது. மகளுக்கென்று நினைத்தால் அவள் பேரை எழுதிப் பதியுங்க.