வெயில் ஏறினால் தொய்யும் கார்பன் மூடி: ரெசினா, துணியா?

கேள்வி (டர்பன், தென்னாப்பிரிக்கா): ஸ்கீ-போட்டின் (கடலில் மீன்பிடிக்கும் சிறு மோட்டார் படகு) ஹாட்ச் மூடியை, அதாவது தளத்திலுள்ள திறப்பின் மூடியை, புதிதாகப் போட்டோம். 60 × 60 செ.மீ., நடுவில் 10 மி.மீ. பி.வி.சி. ஃபோம், இருபுறமும் இரண்டிரண்டு அடுக்கு கார்பன் துணி (சதுர மீட்டருக்கு 200 கிராம்), அதை ஒட்டி இறுக்க எபாக்ஸி ரெசின். ஷெட்டிலேயே மூன்று நாள் காயவிட்டுக் கறுப்புப் பெயின்ட் அடித்தோம். காலையில் கல் மாதிரி இருக்கிறது. பிப்ரவரி மதியத்தில் ஏறி நின்றால் தொய்கிறது, சாயங்காலம் மறுபடி இறுகுகிறது. கார்பன் போட்டும் ஏன் இப்படி?

பதில் 1: இன்னும் இரண்டு அடுக்கு போடுங்கள் அண்ணா, சரியாகிவிடும்.

பதில் 2: அடுக்கு கூட்டினால் தொய்வு கொஞ்சம் குறையும், நோய் அப்படியே இருக்கும். கார்பனுக்கு அந்த வெயில் ஒன்றுமே இல்லை, இளகுவது ரெசின். அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்ஸி 50–60 டிகிரியிலேயே கண்ணாடித்தன்மை விட்டு ரப்பர் பக்கம் போகத் தொடங்கும். உச்சி வெயிலில் கறுப்புப் பரப்பு 70 டிகிரிகூடத் தொடும். கார்பன் நார்களை நேராக இழுத்தால் பலம் அதிகம் குறையாது. ஆனால் நீங்கள் மேலே நிற்கும்போது மேல் தோல் (ஃபோமுக்கு மேலுள்ள கார்பன் அடுக்குகள்) அமுக்கப்படுகிறது. அங்கே நார் வளைந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது ரெசின்தான். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இருப்பதும் அதனால்தான். ஈரம் உறிஞ்சிய எபாக்ஸி இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகும், டர்பன் காற்றில் அதையும் கணக்கில் வையுங்கள்.

கேட்டவர்: இப்போது திருத்த முடியுமா?

பதில் 2: ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் முடியும். எடைக் கணக்கில் தந்த விகிதத்தை அளவுக் கோப்பையில் ஊற்றியிருந்தால் எந்தச் சூடும் காப்பாற்றாது, உரித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

கலவை சரியென்றால் போஸ்ட்-க்யூர் செய்யுங்கள், அதாவது இறுகிய ரெசினை மெதுவாகச் சூடேற்றி இன்னும் முழுதாக இறுகவையுங்கள். முதலில் பெயின்டைத் தேய்த்து எடுங்கள், இல்லையென்றால் கொப்பளிக்கும். மூடியைச் சமமான பலகைமேல் முழுப் பரப்பும் படும்படி வையுங்கள். இதை விட்டால் சூட்டில் தொய்ந்த வடிவத்திலேயே இறுகிவிடும், அப்புறம் நிமிர்த்த முடியாது. பிளைவுட் பெட்டிக்குள் வைத்து மேலே போர்வை மூடி, ஃபேன் ஹீட்டர் காற்றை ஓரமாக விடுங்கள், மூடிமேல் நேராக வேண்டாம். மேலும் கீழும் ஒவ்வொரு தெர்மாமீட்டர். மணிக்கு 10 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 60 டிகிரியில் 8 மணி நேரம், பிறகு பெட்டிக்குள்ளேயே 40-க்குக் கீழ் ஆறட்டும். ஹீட்டரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். 80-க்கு ஏற்றலாமே என்று தோன்றும். அந்தச் சூட்டில் பி.வி.சி. ஃபோமே இளகும், வேண்டாம். உங்கள் ரெசினோடு தயாரிப்பாளர் தரும் தகவல் தாளில் வேறு அட்டவணை இருந்தால் அதன்படி, ஃபோம் தாங்கும் அளவுக்குள்.

பதில் 3: அதோடு நிறத்தையும் மாற்றுங்கள் அண்ணா. 60-ல் போஸ்ட்-க்யூர் செய்த ரெசின் பெரும்பாலும் 70–80 வரைதான் தாங்கும், கறுப்பு அந்த விளிம்புக்கே கொண்டுபோய்விடும். வெள்ளை அடித்தால் அதே வெயிலில் சூடு வெகுவாகக் குறையும். பெயின்டுக்கு முன் பரப்பில் மெழுகு மாதிரிப் பிசுக்கு இருந்தால் வெந்நீரும் ஸ்க்ரப் பேடும் போட்டுக் கழுவுங்கள். ஈரக் காற்றில் ஹார்டனர் கக்கும் பிசுக்கு அது. கழுவாமல் தேய்த்தால் உள்ளே அப்பிக்கொள்ளும், பெயின்ட் ஒட்டாது.

கேட்டவர்: சரியானதை எப்படிச் சோதிப்பது?

பதில் 2: காலையில் இரு ஓரத்தையும் கட்டைமேல் தாங்கவைத்து, நடுவில் 20 கிலோ வைத்து, நேர்கோல் போட்டு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று குறியுங்கள். அதே எடையை மதியம் 1 மணிக்கு வெயிலில் வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் படகில் மாட்டுங்கள்.