நெல் வயலில் மீத்தேனைக் குறைக்க என்ன செலவு?

கேள்வி: குறுவை நெல், போர்வெல் தண்ணீர், களிமண். காய்ச்சலும் பாய்ச்சலுமாக (வயலைக் காயவிட்டு, மறுபடி பாய்ச்சி) நீர் விட்டால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையுமாமே, எப்படிச் செய்வது? செலவு?

பதில் 1: செலவு, நீர்மட்டம் பார்க்கும் குழாய்த் துண்டுதான். 30 செ.மீ. நீள பிவிசி, 10–15 செ.மீ. அகலம். கீழ்ப்பாதியில் துளை போட்டு 15 செ.மீ. மண்ணுக்குள் இறக்குங்கள். உள்ளே அடைத்த சேற்றை அள்ளாவிட்டால் நீர்மட்டம் தெரியாது. மேட்டிலும் பள்ளத்திலும் வைக்காதீர்கள். நட்டு 2 வாரம் நீர் நிற்கட்டும், இல்லாவிட்டால் களை முந்திக்கொள்ளும். பிறகு நீர் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூக்கும்போது காயவிட்டால் பதர்தான்.

பதில் 2: களிமண்ணில் பெரிய வெடிப்பு விழவிடாதீர்கள், அடுத்த தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும். யூரியா போட்டதும் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும், அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019 கணக்கில், எப்போதும் நீர் நிற்கும் வயலைவிட, பலமுறை காயவிட்ட வயலில் மீத்தேன் சுமார் 45% குறைவு. ஒரே முறை என்றால் 29%.

கேள்வி கேட்டவர்: அப்போ லாபம்?

பதில் 1: விவசாய மின்சாரம் இலவசம், மிச்சமான தண்ணீருக்குக் காசு வராது. டீசல் இன்ஜின்காரருக்குத்தான் உடனே கையில் தெரியும்.